நெடுந்தூரப் பயணத்தில் பைக் வழியில் நின்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கில் பல நூறு கிலோமீட்டர் போகத் திட்டமிடுகிறவர்களுக்குப் பாதையைப் பற்றிய கவலையைவிட வண்டியைப் பற்றிய கவலைதான் அதிகம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அந்தக் கவலையில் இருந்து பிறக்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. அதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொண்டால் ரிப்பேர் வேலையில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும்.

வழியில் வண்டி நிற்பதற்குப் பெரும்பாலும் எது காரணம்?

எஞ்சின் உள்ளே ஏதோ உடைந்துபோவதைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்ட எஞ்சின் அப்படித் திடீரென்று கைவிடுவது அரிது. நிறுத்துபவை சின்ன விஷயங்கள்: பஞ்சர், அறுந்த கிளட்ச் கேபிள், தேய்ந்த செயின், வயதான பேட்டரி, அதிர்வில் கழன்ற போல்ட், லூஸான ஒயர் இணைப்பு. இவற்றில் பஞ்சரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முன்பே பார்த்திருக்கலாம். பஞ்சரிலும்கூட, தேய்ந்த டயரில் ஆணி சுலபமாக ஏறும்.

பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு சர்வீஸ் விட வேண்டும்?

முந்தின நாள் மட்டும் வேண்டாம். சர்வீஸ் என்றால் பல போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுவது. அதில் ஒன்று சரியாக டைட் செய்யப்படாமல் போகலாம், ஆயில் ட்ரெயின் போல்ட்டின் வாஷர் கசியலாம், செயினை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். இவையெல்லாம் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் தெரியவரும். ஒன்றிரண்டு வாரம் முன்பே சர்வீஸை முடித்துவிட்டு, வழக்கமான வேலைகளுக்கு அதே வண்டியில் போய் வாருங்கள். கடைசியில் ஒருநாள், பயணத்தில் ஏற்றப்போகும் அதே சுமையோடு ஒரு நீண்ட சுற்று. பையின் பட்டை எங்கே உரசுகிறது, இண்டிகேட்டரை எது மறைக்கிறது, பின் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.

புதிய பாகங்களுக்கும் இதே கணக்கு. கூடுதல் விளக்கு, போன் சார்ஜர் போன்றவற்றைக் கிளம்பும் வாரத்தில் மாட்டாதீர்கள். வண்டியின் ஒரிஜினல் ஒயரிங்கை வெட்டி இணைத்த இடங்கள்தான் பின்னால் தொல்லை தருகின்றன.

செயினில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது தொய்வு. சாலை வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். அட்வென்ச்சர் வண்டிகளில் இன்னும் அதிகம். உங்கள் வண்டிக்கான அளவு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சக்கரத்தைச் சுழற்றிப் பல இடங்களில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் சமமில்லாமல் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

இரண்டாவது, பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்பக்க நடுவில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுங்கள். நல்ல செயின் அசையாது. பல்லில் பாதி வெளியே தெரியும் அளவுக்கு விலகி வந்தால் அதன் காலம் முடிந்தது. மூன்றாவது, ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒருபக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றும்போது செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பழைய ஸ்ப்ராக்கெட் புதுச் செயினை வேகமாகத் தின்றுவிடும்.

பயணத்தில் சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப் (செயினுக்கான மசகு) போடுங்கள், மழையில் ஓட்டினால் அன்று இரவே. ஓட்டி நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போது போட்டால் நன்றாக உள்ளே இறங்கும்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக் கிளிப் உள்ள வண்டியாக இருந்தால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது பட்டு கிளிப் தெறித்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு லாக்கைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் 428, 520, 525 என்று உங்கள் செயினின் எண்ணுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

டயரும் பிரேக்கும் இன்னும் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டு அளவுக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்ட டயரோடு நீண்ட பயணம் கிளம்புவதையும் நான் ஏற்கமாட்டேன். சுமையோடு போகும்போது பின் டயர் நடுவில் வேகமாகத் தேயும். பாதி வழியில் உங்கள் அளவு டயரைத் தேடி அலைவதைவிட இப்போதே மாற்றிவிடுவது மேல்.

பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடித்துக் கோடு கோடாகத் தெரிந்தால் நம்ப வேண்டாம்.

பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவியானால் லிவர் பிடிப்பில்லாமல் உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

என்னென்ன கருவிகள் எடுத்துப் போக வேண்டும்?

கடையில் விற்கும் செட்டை அப்படியே வாங்காதீர்கள். கிளம்பும் முன் ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு சக்கரங்களையும் கழற்றி மாட்டுங்கள், செயினைச் சரிசெய்யுங்கள், பேட்டரியை வெளியே எடுங்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், லிவர்களைக் கழற்றுங்கள். அதற்கு எந்த ஸ்பேனர், எந்த ஆலன் கீ, எந்த ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டதோ அவற்றை ஒரு துணியில் சுருட்டுங்கள். அதுதான் உங்கள் டூல் கிட். தொடாதவை வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்தப் பயிற்சியில் பலருக்கு ஒரு விஷயம் தெரியவரும். பின் ஆக்ஸில் நட்டு வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனருக்கு அசையவே அசையாது. அதற்கு நீளமான கைப்பிடி வேண்டும், அல்லது ஸ்பேனர் மேல் செருக ஒரு குழாய்த் துண்டு. இது வீட்டில் தெரிந்தால் நல்லது.

இவற்றோடு கட்டிங் பிளையர், சின்ன மல்டிமீட்டர், தலையில் மாட்டும் டார்ச், கையுறை, டயரின் காற்றை அளக்கும் அழுத்தமானி. கையில் பிடிக்கும் டார்ச் வேண்டாம், இரண்டு கையும் வேலைக்குத் தேவைப்படும்.

உதிரி பாகங்களில் எவை அவசியம்?

இடத்தை அடைக்காதவை, பக்கத்துக் கடையில் கிடைக்காதவை, அது இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்பவை. இந்த மூன்றுக்கும் பொருந்தினால் எடுங்கள். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், எல்லா அளவிலும் இரண்டிரண்டு ஃபியூஸ், செயின் லாக், கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும், சில எம்6, எம்8 போல்ட் நட்டுகள், டியூப் டயராக இருந்தால் டியூப். வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தாலும் லிவர் உடையும், அதனால்தான் அது பட்டியலில் இருக்கிறது.

அப்புறம் ஒட்டுப்போடும் சாமான்கள்: இன்சுலேஷன் டேப், அகலமான துணி டேப், கேபிள் டை, இரண்டடி கட்டுக்கம்பி, இரண்டு பாகங்களைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி. எஞ்சின் கவரில் கல் பட்டு ஆயில் கசிந்தால், எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு எபாக்ஸி வைத்து இறுகவிட்டால் ஒரு மெக்கானிக்கிடம் போய்ச் சேரும் அளவுக்குத் தாங்கும்.

ஆயில் அரை லிட்டர் வைத்திருக்கலாம். வழியில் ஊற்ற நேர்ந்தால் ஜாசோ எம்ஏ (JASO MA, பைக் ஆயிலுக்கான தரக் குறியீடு) என்று குறிப்பிட்டதைத் தேடுங்கள். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் இருக்கும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில் ஊறுவதால் அது வழுக்க ஆரம்பிக்கலாம்.

டியூப்லெஸ் டயர் பஞ்சரானால்?

ஆணியைக் கண்ட கையோடு பிடுங்காதீர்கள். முதலில் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள், ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி, பசை, ரீமர் (அரம்போன்ற ஊசி) எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆணி எந்தக் கோணத்தில் ஏறியிருக்கிறதோ அதே கோணத்தில்தான் ரீமரும் போக வேண்டும். ரீமரை நாலைந்து முறை ஏற்றி இறக்கி ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். திரியை ஊசிக் காதில் பாதிவரை இழுத்து, பசை தடவி, வெளியே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முனைகள் மிஞ்சும்வரை அழுத்துங்கள். பிறகு ஊசியை நேராக, ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். காற்றடித்துவிட்டு எச்சிலோ சோப்பு நீரோ தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் திரி போட்டு ஓட்டக் கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிவதால் திரி நிற்காது. நடுப்பகுதியில் போட்ட திரியும் தற்காலிகமானதுதான். வேகத்தைக் குறைத்து, அவ்வப்போது காற்றைச் சோதித்து, வசதியான இடத்தில் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுவதா மாற்றுவதா என்று முடிவெடுங்கள்.

காற்றடிக்க 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் இலகுவானவை, ஆனால் பெரிய பின் டயருக்கு ஒன்று போதாது, ஒட்டு சரியில்லை என்றால் குப்பி வீண். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர்தான் என் தேர்வு. பேட்டரியும் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் ஒரு சைக்கிள் கைப்பம்பை வைத்துக்கொள்ளலாம். நேரமாகும், ஆனால் கைவிடாது.

டியூப் டயர் என்றால் சாலையோரத்தில் ஒட்ட முடியுமா?

முடியும். வியர்க்கும், ஒருமணி நேரம் ஆகலாம். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் முதல் சிக்கல் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவதுதான், அதையும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி இறக்குங்கள். இதைச் செய்யாமல் டயர் கழற்றும் லிவரோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் டியூபைக் கிழிக்கிறார்கள். விளிம்பு பள்ளத்தில் இருந்தால் எதிர்ப்பக்கம் தளர்ந்து லிவர் சுலபமாக ஏறும்.

டியூபை வெளியே எடுத்ததும் ஓட்டையைத் தேடும் முன் டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் சுற்றிலும் தடவுங்கள். முள் எங்கே இருக்கிறதோ அங்கே துணி மாட்டும். வெறும் கையால் தடவினால் விரல் கிழியும். முள்ளை எடுக்காமல் டியூபை ஒட்டிப் போட்டால் இரண்டு கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடியும் இறங்கும்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை காத்திருந்து பேட்ச்சை அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டுவதால்தான் பல ஒட்டுகள் பிரிகின்றன. கையில் மாற்று டியூப் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, பழையதை இரவு தங்கும் இடத்தில் நிதானமாக ஒட்டுங்கள். முன்னால் 21, பின்னால் 18 அங்குலச் சக்கரம் உள்ள வண்டிக்கு ஒரே ஒரு டியூப்தான் கொண்டுபோக முடியும் என்றால் 21ஐ எடுங்கள். அவசரத்துக்குப் பின் டயரிலும் மடித்துப் போட்டு மெதுவாக ஓட்டலாம்.

மாட்டியபிறகு வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காதீர்கள், மூடியோடு ஒட்டி மேலே விட்டுவிடுங்கள். டயர் ரிம்மில் சற்று நகர்ந்தால் வால்வு சாய்வது கண்ணில் படும். இறுக்கியிருந்தால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும், அதை ஒட்ட முடியாது.

கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டால் ஓட்ட முடியுமா?

அறுவதற்கு முன்பே தெரியும். லிவரில் கேபிளின் உருண்டை முனை உட்காரும் இடத்தை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். ஓரிரு இழைகள் விலகி முடிபோல் நீட்டிக்கொண்டிருந்தால் மாற்றும் நேரம். கிளட்ச் ஒரு நாள் பிடிக்கக் கனமாக இருந்தாலும், இன்னொரு நாள் வேறு புள்ளியில் விடுவதாகத் தோன்றினாலும் அதே அர்த்தம்.

நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. புதுக் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே, அதே வழியில் ஓடவிட்டுக் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். இரு முனைகளிலும் டேப் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைத்துவிடுங்கள். பழையது அறுந்தால் டேங்கைத் தூக்காமல், இரண்டு முனைகளை மாற்றி மாட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பலாம்.

மாற்றுக் கேபிள் இல்லை என்றால்: நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, சமதளத்திலோ லேசான இறக்கத்திலோ வண்டியை உருட்டிக்கொண்டே முதல் கியரைப் போடுங்கள். துள்ளிக்கொண்டு கிளம்பும். மேல் கியருக்கு ஆக்ஸிலரேட்டரை ஒரு நொடி மூடி, சுமை விட்ட அந்தக் கணத்தில் கியரைத் தட்டுங்கள். நிற்பதற்கு முன் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். நெரிசலான சாலையில் இதை முயல வேண்டாம், மெக்கானிக் வரை போய்ச் சேர மட்டும்.

வண்டி திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

முதலில் வெட்கப்படாமல் எளிதானவற்றைப் பாருங்கள். கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா? சைடு ஸ்டாண்டு கீழே இருக்கிறதா? அதன் சுவிட்ச்சில் சேறு அடைத்திருந்தால் ஸ்டாண்டைத் தூக்கினாலும் கியர் போட்டதும் எஞ்சின் நிற்கும். பெட்ரோல் இருக்கிறதா? டேங்கை ஆட்டிச் சத்தம் கேளுங்கள், மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்து, சாவியைத் திருப்பியதும் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகும். அந்தச் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸையும் பம்ப் இணைப்பையும் பாருங்கள். கொஞ்சதூரம் ஓடி மூச்சுத்திணறி நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்க் பையின் அடியில் மூடி அமுங்கியிருந்தாலும் இப்படி ஆகலாம்.

செல்ஃப் அழுத்தியதும் "டிக் டிக்" என்று மட்டும் கேட்டால் பேட்டரி முனைகளை இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் அந்த ஸ்க்ரூ தளர்வது சர்வ சாதாரணம்.

பேட்டரியா, சார்ஜிங் கோளாறா என்று எப்படிப் பிரித்தறிவது?

மல்டிமீட்டர் இங்கேதான் உதவும். எஞ்சின் ஆஃபில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர், அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர் அல்லது அவற்றின் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளக்) கோளாறு. 15ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரியே கெட்டுவிடும். கப்ளரைப் பிரித்துப் பாருங்கள், பின்கள் கருகியிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

சார்ஜ் ஆகாத வண்டியைக் கொஞ்சதூரம் கொண்டுபோக வேண்டுமென்றால் பகலில், மின்சாரம் இழுக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். இடையில் ஆஃப் செய்யாதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கார்புரேட்டர் வண்டியில் நன்றாக வேலை செய்யும். இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தால் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை, பம்ப்பும் கணினியும் விழித்தெழக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது, பெரிய ஃபியூஸ் போடலாமா?

கூடாது. 10 ஆம்பியர் இடத்தில் 20 போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். கம்பியைச் சுற்றி வைப்பதும் அதே ஆபத்துதான். இரண்டாவது ஃபியூஸும் போனால் எங்கோ ஒயர் உரசுகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மடங்கும் இடத்தையும், நீங்கள் பின்னால் சேர்த்த விளக்கு, சார்ஜர் இணைப்புகளையும் முதலில் பாருங்கள்.

தண்ணீரில் இறக்கியபோது எஞ்சின் நின்றுவிட்டது.

செல்ஃபைத் தொடாதீர்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வெளியே தள்ளி வந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழலவிட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

தனியாக, இருட்டில் நின்றுவிட்டால்?

வண்டியைச் சாலையில் இருந்து முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். வளைவுக்குச் சற்றுப் பின்னால் நிற்க நேர்ந்தால், வண்டியை அங்கே விட்டுவிட்டாவது நீங்கள் விலகி நில்லுங்கள். ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி மடித்தால் கைக்குட்டை அளவுதான், அதைப் பையின் மேலேயே வையுங்கள். சாலைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரிப்பேர் பார்க்காதீர்கள்.

சிக்னல் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் இருக்குமிடம் தெரியும். அவசர எண்ணையும், ஆயத்தொலைவுகளைப் படித்துச் சொல்வது எப்படி என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடம் அன்றைய பாதையையும், எந்த நேரத்துக்குள் பேசாவிட்டால் தேட ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தக் கோளாறோடு தொடர்ந்து ஓட்டவே கூடாது?

ஆயில் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். முன் பிரேக் பிடிக்காதபோது, சக்கர பேரிங் ஆடும்போது, டயர் சுவர் புடைத்திருக்கும்போது, வேகத்தில் ஹேண்டில்பார் புதிதாக உதற ஆரம்பிக்கும்போதும் அப்படியே. கூலன்ட் கொதித்தால் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிடும்.

இப்படி நின்றால் வண்டியை லாரியிலோ டெம்போவிலோ ஏற்றுவதுதான் வழி. இன்னொரு பைக்கில் கயிறு கட்டி இழுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஒரு சின்னத் தடுமாற்றத்தில் இரண்டு பேரும் விழுவார்கள். ஏற்றிய பிறகு முன் சக்கரத்தை எதிர்ச்சுவரில் முட்டவைத்து, கியரில் போடுங்கள். பட்டையை ஹேண்டில்பாரின் ரப்பரிலோ கண்ணாடியிலோ மாட்டாமல், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்ப்பில் மாட்டி, முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கும்வரை இருபுறமும் சமமாக இழுத்துக் கட்டுங்கள். சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பி விட்டால் முதல் பள்ளத்திலேயே சாயும். பின்பக்கத்துக்கு இன்னொரு கட்டு. பத்து கிலோமீட்டர் போனதும் லாரியை நிறுத்தச் சொல்லி, பட்டை தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள்.